நாற்பதில் உலர்த்த வேண்டிய மண்

பஸ் கொள்ளிடம் பாலத்தில் நடுவாக்கில் நின்றுபோன பிறகுதான் ஜெசிந்தாவுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. ஓடிக்கொண்டிருந்தவரை வரவில்லை. சத்திரம் பஸ் நிலைய நெரிசலில் வரவில்லை, காவேரிப் பாலத்தில் வரவில்லை, திருவானைக்கோவில் திருப்பத்தில் பக்கத்து சீட்டுக்காரர் தூக்கத்தில் அவள் தோளில் சாய்ந்தபோதுகூட வரவில்லை. முன்னால் எங்கோ ஒரு லாரி அச்சு முறிந்து குறுக்கே கிடக்கிறது என்று கண்டக்டர் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். டிரைவர் இன்ஜினை அணைத்தார். அந்த அமைதியில், அணைத்தோமா என்று அவள் மனம் கேட்டது. அணைக்கவில்லை, அணைக்க வேண்டியதும் இல்லை, திங்கட்கிழமை காலை வரை ஓடவேண்டிய ஓவன் அது. அவள் பல்கலைக்கழகத்து ஆய்வுக்கூடத்தில் மண் உலர்த்துவதற்கென்று இருக்கிற இரும்புப் பெட்டி, கதவு இடுக்கில் துணி சொருகி மூட வேண்டிய பழைய பெட்டி. அதற்குள் காலையில் தட்டுத் தட்டாக ஆற்று வண்டலை வைத்துவிட்டுத்தான் புறப்பட்டாள். சரி, அணைக்கவில்லை. எத்தனை டிகிரியில் வைத்தோம்? நாற்பதில். நாற்பதில்தான் வைக்க வேண்டும், பாதரசம் பார்க்கப்போகிற மண்ணை அதற்கு மேல் சூடு காட்டக்கூடாது, காட்டினால் இருக்கிற பாதரசம் மண்ணை விட்டுக் கிளம்பிப் போய்விடும். அது அவளுக்குத் தெரியாதா. அவள்தான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள். ஓவன் கதவில் ஒட்டியிருக்கிற 'பாதரசம் என்றால் நாற்பது' என்ற சீட்டு அவள் கையெழுத்து. ஆகவே நாற்பதில்தான் வைத்திருப்பாள். வைத்திருப்பாள் என்று நினைத்தாள், வைத்தேன் என்று நினைக்கவில்லை, அந்த வித்தியாசம் அவளுக்கே தெரிந்தது.

குமிழைத் திருகியது ஞாபகம் இருக்கிறதா? இருக்கிறது. இல்லை, திருகிய கை ஞாபகம் இருக்கிறது, எங்கே நிறுத்தியது என்பது இல்லை. காலையில் தட்டுகளை உள்ளே வைத்துக்கொண்டிருந்தபோது தம்பி பெர்னார்டு போன் பண்ணினான். நாளைக்குப் பெரம்பலூரில் அவன் மகள் அன்சிலாவுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற நாள். வெள்ளை கவுன் வந்துவிட்டது, தலைக்குப் பூமுடி வந்துவிட்டது, ஷூ மட்டும் வாங்கவில்லை, அக்கா வரும்போது தில்லைநகரில் வாங்கிவர வேண்டும். "முப்பத்தி மூணா முப்பத்தி நாலானு சரியாத் தெரியலக்கா, நீ முப்பத்தி நாலே வாங்கிடு, முன்னாடி பஞ்சு வச்சுக்கலாம்" என்றான். போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இருந்தது. முப்பத்தி மூணு வாங்கினால் கடிக்கும், முப்பத்தி நாலு வாங்கினால் பீடத்துக்கு நடந்து போகும்போது கழன்றுவிடும் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது கை தன் வேலையைப் பார்த்தது. கதவைச் சாத்தியது, துணியைச் சொருகியது, சுவிட்சைப் போட்டது, குமிழைத் திருகியது. இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கை அந்தக் குமிழைத் திருகுகிறது. ஈயம், குரோமியம், செம்பு, துத்தநாகம் எது பார்ப்பதாக இருந்தாலும் மண்ணை நூற்றிப் பத்தில் வைத்து ராத்திரி முழுக்க உலர்த்துவதுதான் வழக்கம், உலகம் முழுக்க அப்படித்தான். பாதரசம் ஒன்றுதான் இப்படிச் செல்லம் கொடுத்து உலர்த்த வேண்டிய சனியன். கண்ணை மூடிக்கொண்டு குமிழைத் தொட்டால் அவள் கை போய் நிற்கிற இடம் நூற்றிப் பத்து. படித்த கை. இவ்வளவு ஒழுங்காகப் படித்திருக்க வேண்டாம்.

இல்லை, ஒருவேளை பெர்னார்டு பேசுவதற்கு முன்பே நாற்பதில் வைத்துவிட்டு, பிறகு சும்மா கையை வைத்துச் சரிபார்த்திருக்கலாம். இருக்கலாம். ஜன்னலுக்கு வெளியே ஆறு கிடந்தது. இந்த வருஷம் ஆடியில் வந்த வெள்ளத்தில் கரை தொட்டு ஓடின ஆறு, இப்போது புரட்டாசியில் ஒரு ஓரமாகச் சுருண்டு ஓடுகிறது, மீதியெல்லாம் மணல். பாலத்தில் நிற்கிறவர்கள் மணலைப் பார்த்துவிட்டு அதுதான் ஆறு கொண்டுவந்தது என்று நினைப்பார்கள். அவளுக்கு மணல் மேல் மரியாதை கிடையாது. மணல் ஒன்றையும் ஒட்டிக்கொள்ளாது, எத்தனை தொழிற்சாலைத் தண்ணீரில் முக்கி எடுத்தாலும் கழுவினால் சுத்தமாகிவிடும், சொரணை கெட்ட வஸ்து. ஆறு சுமக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் அந்தக் களிமண்ணைச் சொல்ல வேண்டும், கண்ணுக்குத் தெரியாத துகள். குடகு மலைப் பாறை மழையில் ஊறி உளுத்து, இரும்புத் துருவைப் பூசிக்கொண்டு, மைசூர்ப் பக்கத்து வயல் சேற்றையும் ஈரோட்டுச் சாயத்தையும் இழுத்துக்கொண்டு, போகிற வழியில் எவன் எதை ஊற்றினாலும் மறுக்காமல் வாங்கி வைத்துக்கொண்டு வருகிற மண். ஒரு பிடிக் களிமண்ணின் துகள்களைப் பிரித்துப் பரப்பினால் ஒரு மைதானத்துக்குக் காணும், அவ்வளவு பரப்பிலும் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் வேகமாகப் போகும் இடத்தில் அது நிற்காது. தேங்குகிற இடத்தில் மட்டும் மெதுவாக இறங்கிப் படியும், இந்த வருஷத்துப் படிவு, அதன் மேல் அடுத்த வருஷத்துப் படிவு என்று. அப்படித் தேங்கின இடம் தொட்டிக்கரை என்கிற ஆற்றோர ஊரில் ஒன்று இருந்தது. மணல் அள்ளினவர்கள் விட்டுப்போன ஆழமான குழி, கோடையிலும் வற்றாத பச்சைத் தண்ணீர். சித்திரை வெயிலில் அவள் அதில் மார்பளவு இறங்கி, பிளாஸ்டிக் குழாயைச் சேற்றில் அடித்து இறக்கி, முழங்கை நீளத்துக்குக் கறுப்பாக ஒரு மண் தூணை உருவி எடுத்தாள். அழுகின முட்டை நாற்றம். அதை விரல் கனத்துக்குத் துண்டு துண்டாக அறுத்து, டப்பாவில் அடைத்து, குளிர்பெட்டியில் வைத்தாள். அளக்கிற கருவி அப்போது கெட்டுக் கிடந்தது, சரிசெய்கிற ஆள் இந்தா வருகிறேன் அந்தா வருகிறேன் என்று போன வாரம்தான் வந்தார். நடுவில் ஆடி வெள்ளம் வந்து அந்தக் குழியைத் தோண்டித் துடைத்து மணலால் மூடிவிட்டுப் போய்விட்டது. இப்போது அந்த இடத்தில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். அந்தச் சேறு உலகத்தில் இனி எங்கும் இல்லை, அவள் ஓவனில் இருக்கிற தட்டுகளைத் தவிர.

பூங்காவனம் காத்திருக்கிறாள். அதை நினைக்கக்கூடாது என்றுதான் ஜெசிந்தா மடியிலிருந்த ஷூ பெட்டியைத் திறந்து பார்த்தாள், மூடினாள். தொட்டிக்கரைக்கு மேல்புறம் ஆற்றோரமாக ஒரு கொட்டகை இருந்தது. ஊர் ஊராகச் சேர்த்த பழைய ட்யூப்லைட்டுகளை அங்கே கொண்டுவந்து கொட்டுவார்கள். பெண்கள் உட்கார்ந்து கட்டையால் தட்டி உடைத்து, இரண்டு முனையிலும் இருக்கிற தகர மூடியைத் தனியாக, கண்ணாடியைத் தனியாகப் பிரிப்பார்கள். கண்ணாடியில் ஒட்டின வெள்ளைப் பொடியை ஆற்றில் கழுவுவார்கள். அந்தப் பொடியில்தான் பாதரசம். பூங்காவனம் ஆறு வருஷம் அங்கே உடைத்தாள். முதலில் அவளுக்குக் கோலம் போடும்போது கோடு நெளிந்தது. பிறகு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. பிறகு டம்ளரைத் தூக்கினால் காப்பி கையில் கொட்டியது. ஜெசிந்தா முதல் தடவை அவள் வீட்டுக்குப் போனபோது, வந்தவளுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள், வாசல்படிக்கு வருவதற்குள் பாதி சிந்திவிட்டது. "பாத்தீங்களா டீச்சர், நான் ஒண்ணும் பண்ணல, அதுவா ஆடுது" என்று வெட்கத்தோடு சிரித்தாள். பெரியாஸ்பத்திரியில் நரம்புத் தளர்ச்சி என்று சத்து மாத்திரை கொடுத்தார்களாம். கொட்டகைக்காரர் இடத்தைக் காலி பண்ணிவிட்டார், தரையைச் சுரண்டி சிமெண்டு போட்டுவிட்டார். எங்கள் கொட்டகையில் விளக்கை அடுக்கித்தான் வைத்திருந்தோம், உடைக்கவும் இல்லை, ஆற்றில் கழுவவும் இல்லை என்று அதிகாரிகளிடம் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் விசாரணை. உடைத்தார்கள், கழுவினார்கள், இத்தனை வருஷம் கழுவினார்கள் என்று சொல்ல அந்தச் சேற்றுத் துண்டுகளால்தான் முடியும். அடித்துண்டில் பாதரசம் குறைவு, மேலே வரவரக் கூடுதல் என்று காட்டினால் போதும், கொட்டகை வந்த வருஷம் முதல் ஆறே எழுதி வைத்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். அப்புறம்தான் வைத்தியச் செலவு, நஷ்டஈடு, மற்றப் பெண்களுக்கும் பரிசோதனை, எல்லாம்.

பூங்காவனத்தின் தலைமுடியில்கூடக் கொஞ்சம் இருந்திருக்கும். ஜெசிந்தா அதைக் கேட்கத்தான் முதலில் போனாள், இடுப்பளவு முடி என்று சொல்லியிருந்தார்கள், வேர்ப்பக்கத்திலிருந்து நுனி வரைக்கும் அளந்தால் வருஷக்கணக்கில் உடம்பில் போனது தெரியும். போனால் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு நின்றாள். கை நிற்க வேண்டும் என்று சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டு, முந்தின ஞாயிற்றுக்கிழமை போய் முடியிறக்கிவிட்டு வந்திருந்தாள். அந்தச் சமயபுரம் இந்தப் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். பொது முடியோடு முடியாகக் கூட்டி மூட்டை கட்டி எங்கோ விற்றிருப்பார்கள், இப்போது யார் தலையில் விக்காக இருக்கிறதோ. ஜெசிந்தாவுக்கு அன்று கோபம் வந்தது, யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. தானும் ஒருத்தி, வேளாங்கண்ணிக்கு நடந்துபோனவள்தானே. போகட்டும், மண் இருக்கிறது என்று அன்று சொன்னாள். "மண்ணு இருக்கு பூங்காவனம், மண்ணு எங்கயும் போவாது." சொன்ன வாயை இப்போது என்ன செய்வது.

ஷிப்ட் வாட்ச்மேன் சந்தானத்துக்குப் போன் பண்ணலாம். இந்த யோசனை முதலிலேயே வந்திருக்க வேண்டும், வந்தது, ஒதுக்கி வைத்திருந்தாள். போன் பண்ணினால் தெரிந்துவிடும். தெரியாத வரைக்கும் நாற்பதிலும் இருக்கிறது, நூற்றிப் பத்திலும் இருக்கிறது. இது என்ன புத்தி, நாற்பத்தெட்டு வயதுக்காரிக்கு இருக்க வேண்டிய புத்தியா இது, ஒவ்வொரு நிமிஷமும் போய்க்கொண்டிருக்கிறதே என்று தன்னைத் திட்டிக்கொண்டே போனை எடுத்தாள். இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. மூன்றாவது தடவை எடுத்தார்.

"சொல்லுங்க மேடம்."

"சந்தானம், ஆபீஸ் ரூம்ல சாவிப் பலகையில நம்ம லேப் டூப்ளிகேட் சாவி இருக்கும். போயித் தொறந்து, அந்தப் பெரிய ஓவன் இருக்குல்ல, மேல ஓட்டையில ஒரு தெர்மாமீட்டர் சொருகியிருக்கும். அது எவ்வளவு காட்டுதுன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. பாத்துட்டு ஓவன அணைச்சிடுங்க."

"மெயின் கேட்டுல ஒரு வண்டி நிக்கிது மேடம், அத அனுப்பிட்டுப் போறேன். ஏதாவது அவசரமா?"

"கொஞ்சம் சீக்கிரம் பாருங்க."

கொஞ்சம் சீக்கிரம். தீப்பிடித்ததுபோலக் கத்தியிருக்க வேண்டாமா? கத்தினால் சந்தானம் பயந்துபோய் தெர்மாமீட்டரை உடைத்துவிடுவார். நல்ல மனிதர், ஆனால் மூன்று மாடி ஏற வேண்டும், முழங்கால் வலிக்காரர். அவர் கேட்டிலிருந்து கிளம்பி, ஆபீஸ் போய், சாவியைத் தேடி, வேதியியல் சாவியை எடுத்துவிட்டு, இது இல்லை என்று திரும்பி வந்து. அவள் ஜெபமாலையை எடுத்தாள். பத்து அருள் நிறைந்த மந்திரம் சொல்வதற்குள் கூப்பிடுவார் என்று நினைத்தாள், முதல் மணியிலேயே மனம் ஓவனுக்குள் போய்விட்டது. காலை ஒன்பதரைக்கு வைத்தது. இப்போது வெயில் சாய்ந்துவிட்டது. நூற்றிப் பத்தில் இருந்தால் முதல் ஒரு மணி நேரத்தில் ஈரம் போயிருக்கும், மண் ஓரத்தில் வெடித்திருக்கும், பிறகு ஈரத்தின் பின்னாலேயே அதுவும் கிளம்பியிருக்கும், சத்தமில்லாமல், வாசனை இல்லாமல், துணி சொருகின இடுக்கு வழியாக. அறையில் அவள் நாற்காலி, அவள் கோட்டு, ஆணியில் மாட்டின காலண்டர், எல்லாவற்றின் மேலும் போய் உட்கார்ந்திருக்கும். ஆறு வருஷம் பூங்காவனம் இழுத்த மூச்சில் கொஞ்சம் இப்போது மூன்றாவது மாடியில். இல்லை, எல்லாமே போகாது. அந்தச் சேறு அழுகின முட்டையாக நாறியதே, அது கந்தகம். கந்தகத்தோடு பிணைந்துகொண்ட பாதரசம் லேசில் அசையாது, நூற்றிப் பத்துக்கெல்லாம் அசையாது. இதை நினைத்ததும் அவளுக்கு மூச்சு வந்தது, எதிர் சீட்டில் ஒரு குழந்தை பிஸ்கட் தின்பது கண்ணில் பட்டது. அப்படியானால் பாதியாவது இருக்கும். பாதி இருந்தால் போதுமா? பாதி இருக்கிறதா, பத்தில் ஒன்று இருக்கிறதா, ஒவ்வொரு துண்டிலும் ஒரே மாதிரி போயிருக்கிறதா என்று யார் சொல்வது? மேல் துண்டு பஞ்சுபோல இருக்கும், அதில் அதிகம் போகும். அடித்துண்டு இறுகினது, அதில் குறைவாகப் போகும். கடைசியில் அளந்தால் அடியும் மேலும் ஒன்றாக நிற்கும். கொட்டகை வந்தும் ஆறு மாறவில்லை என்று மண்ணே சாட்சி சொல்லும். சும்மா இருந்த மண்ணைக் கொண்டுபோய் எதிராளி பக்கம் உட்கார வைத்த புண்ணியம் அவளைச் சேரும்.

ஒரு கரண்டி ஒதுக்கி வைத்திருக்கலாமே. வைத்திருக்கலாம், எந்த முட்டாளும் வைத்திருப்பான். ஆனால் துண்டே ஒரு கரண்டிதான் இருந்தது, ஈரம் போனால் அதிலும் பாதி, எல்லாவற்றையும் சேர்த்தால்தான் அளக்கக் காணும். அப்படித்தான் காலையில் கணக்குப் போட்டாள், அது தப்பான கணக்கும் இல்லை. நாற்பது என்றே எழுதிவிட்டால் என்ன? இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. உலர்த்திய வெப்பம் நாற்பது என்று எழுதினால் யார் ஓவனுக்குள் எட்டிப் பார்த்தார்கள்? எழுதலாம். எழுதினால் என்ன ஆகும்? ஒழுங்காக நாற்பதில் உலர்த்தி, ஒழுங்காக அளந்து, ஒன்றும் இல்லை என்று முனைவர் ஜெசிந்தா மேரி கையெழுத்துப் போட்டதாக ஆகும். கொட்டகைக்காரர் அதை ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்வார். சரி, நூற்றிப் பத்து என்று உண்மையையே எழுதினால்? எதிர்த்தரப்பு வக்கீல் முதல் கேள்வியே அதைத்தான் கேட்பார், பாதரசத்துக்கு நூற்றிப் பத்தில் உலர்த்தலாமா அம்மா என்று பணிவாகக் கேட்பார், கூடாது என்று அவள் சொல்ல வேண்டும், உட்கார்ந்துவிடலாம் என்று சொல்லிவிடுவார். பொய் சொன்னாலும் பூங்காவனத்துக்கு இல்லை, உண்மை சொன்னாலும் இல்லை. அளக்காமலே விட்டுவிடலாம், மண் தவறிவிட்டது, டப்பா உடைந்துவிட்டது என்று. எந்தப் பக்கம் நடந்தாலும் பூங்காவனத்தின் கை ஆடிக்கொண்டு எதிரே வந்து நின்றது. அவள் தன் வலது கையைப் பார்த்தாள். ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தது. இவள் கை சொன்னதைச் செய்யாமல் பழகினதைச் செய்தது, அவள் கை சொன்னதையும் செய்யாது பழகினதையும் செய்யாது. இரண்டில் எது மோசம்? டம்ளரைத் தூக்க முடிகிறவள் இதையெல்லாம் யோசிக்கலாம்.

"லாரிய நகத்துறாங்க. இருந்தாலும் இன்னும் நேரம் ஆவும். திருச்சிக்கே திரும்பணும்ங்கிறவங்க எறங்கி அந்தப் பக்கம் போயி வண்டி புடிச்சிக்கிங்க" என்று கண்டக்டர் படிக்கட்டில் நின்று சொன்னார்.

பக்கத்து சீட்டுக்காரர் விழித்துக்கொண்டார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "நீங்க எறங்கணுமாம்மா?" என்று கேட்டார்.

"ஏங்கய்யா?"

"பைய எடுத்து மடியில வச்சிருக்கீங்களே."

வைத்திருந்தாள். எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை. இறங்கினால் ஆட்டோ பிடித்து முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். போய்? சந்தானம் அதற்குள் பார்த்துவிடுவார். நாற்பது என்றால் போக வேண்டிய அவசியமே இல்லை, நூற்றிப் பத்து என்றால் போய் ஒரு பிரயோசனமும் இல்லை. இறங்காமல் இருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது, ஆனாலும் அவளுக்கு இறங்கி ஓட வேண்டும்போல இருந்தது, ஓடி அந்த ஓவன் கதவைத் திறந்து இரண்டு கையாலும் அந்தக் காற்றைப் பிடித்துத் தட்டில் அமுக்க வேண்டும்போல இருந்தது. "இல்லைங்கய்யா, பெரம்பலூருதான்" என்றாள். "விசேசமா?" என்றார். தம்பி மகளுக்குப் புதுநன்மை என்றாள். அவருக்கு அது என்னவென்று தெரியவில்லை, இருந்தாலும் "நல்லது நல்லது" என்றார். நாளைக்கு இந்நேரம் அன்சிலா வெள்ளை உடுப்பில் வீடு வீடாகப் போய் ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டிருப்பாள். அத்தையிடமும் வருவாள். அத்தை கையைத் தூக்கி அவள் தலையில் வைக்க வேண்டும். அவளுக்கு முப்பத்தி நாலுதான் வாங்கியிருக்கிறாள், பெட்டிக்குள் பஞ்சு வைத்திருக்கிறாள், அதில் ஒரு மறதியும் இல்லை.

போன் அடித்தபோது பெயரைப் பார்க்காமலே எடுத்தாள்.

"மேடம், சந்தானம். மொதல்ல வேற சாவிய எடுத்துட்டு வந்துட்டேன்."

"பரவால்ல. சொல்லுங்க."

"கண்ணாடிக் குச்சிக்குள்ள வெள்ளி மாதிரி ஒரு கோடு நிக்கிதுல்ல, அதத்தானே கேக்குறீங்க? அது நூறத் தாண்டி நிக்கிது மேடம். அடுத்த பெரிய கோட்டத் தொட்டுக்கிட்டு."

"நூத்திப் பத்து."

"ஆமா, பத்துன்னு போட்டிருக்கு. அணைச்சிட்டேன். கதவு தொறந்து பாத்தேன், ஒண்ணும் தீயல, பயப்படாதீங்க. மண்ணு நல்லாக் காஞ்சு பொரிஞ்சு கெடக்கு."

"சரி சந்தானம். ஜன்னலத் தொறந்து விட்டுட்டு வெளிய வந்துருங்க. அந்த ரூம்ல நிக்காதீங்க."

"காத்தாடி போட்டு விடவா மேடம்?"

"வேணாம். வெளிய வாங்க, போதும்."

முன்னால் ஹாரன்கள் கேட்டன. டிரைவர் ஏறி உட்கார்ந்தார், இன்ஜின் உறுமியது, நிறுத்தியிருந்த பைக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பின. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. நெஞ்சுக்குள் ஒரு மூலையில் ஒரு வெட்கங்கெட்ட நிம்மதிகூட இருந்தது, இனி யோசிக்க வேண்டியதில்லை என்று, அதை அவள் வெறுத்தாள். பாலம் பின்னால் போனது, டோல்கேட்டில் பஸ் திரும்பியது. ஒரு பெண் மல்லிகைப் பூக்கூடையோடு ஏறினாள். யாரிடம் முதலில் சொல்வது? துறைத் தலைவரிடம், பூங்காவனத்தின் வக்கீலிடம், பெர்னார்டிடம். ஒவ்வொருவரிடமும் எப்படிச் சொல்வது என்று வாக்கியம் போட்டுப் பார்த்தாள், ஒவ்வொன்றிலும் ஓவன் தானாகவே சூடாகிக்கொண்டது, வண்டல் தானாகவே காய்ந்தது, அவள் எங்குமே இல்லை. ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிப் பழகினவர்களுக்கு இது ஒரு வசதி, மாதிரி உலர்த்தப்பட்டது, மாதிரி இழக்கப்பட்டது. நான் சுட்டுவிட்டேன் என்று ஒரு தடவை உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தாள். அப்போதுதான் கண்ணில் நீர் வந்தது, பூக்காரி பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திங்கட்கிழமை வரை யாருக்கும் சொல்ல வேண்டாம், நாளைக்குப் பிள்ளையின் நாள் என்று முடிவுசெய்து போனைப் பையில் போடப் போனாள். அது மறுபடி அடித்தது. பூங்காவனம்.

எடுக்காமல் விட்டால் மறுபடி அடிப்பாள். அவளுக்கு எண்ணைத் தேடி அழுத்துவது எவ்வளவு பெரிய பாடு என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும். வழக்கமாக அவள் வீட்டுக்காரர்தான் போட்டுக் கொடுத்து, காதில் வைத்துப் பிடித்துக்கொள்வார்.

"டீச்சர், நாந்தான். அவரு சந்தைக்குப் போயிருக்காரு, நானே போட்டேன்" என்றாள் பூங்காவனம். அதில் ஒரு பெருமை இருந்தது. "ஊருக்குக் கெளம்பிட்டீங்களா? தொந்தரவு பண்றனா?"

"இல்ல, சொல்லுங்க."

"மண்ண இன்னிக்கு வைக்கிறேன்னு சொன்னீங்களே, வச்சாச்சா?"

"வச்சேன்." தன் குரலை மூடிக்கொள்ள பஸ்ஸின் சத்தம் போதாமல் இருந்தது. "பூங்காவனம், தப்பு நடந்து போச்சு. சூடு அதிகமா வச்சுட்டேன். நாந்தான் வச்சேன், வேற யாரும் இல்ல. மண்ணுல இருந்தது ஆவியாப் போயிருச்சு."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

"மறுபடி எடுக்க முடியாதுல்ல. அங்கதான் மணலு மூடிருச்சே" என்றாள் பூங்காவனம், ஜெசிந்தாவுக்கு எடுத்துச் சொல்வதுபோல.

"முடியாது."

"அப்ப மண்ணுல ஒண்ணும் இல்லன்னு வந்துருமா?"

"இல்லன்னு நான் எழுத மாட்டேன். தெரியாதுன்னுதான் எழுதுவேன்."

"தெரியாதுன்னா அவங்களுக்கு நல்லதுதான டீச்சர்?"

"ஆமா."

பூக்கூடைக்காரி டிக்கெட்டுக்குச் சில்லறை தேடினாள். ஜெசிந்தா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, திட்டட்டும் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும், நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டால் தாங்கிக்கொள்ளலாம், அது ஒரு கணக்கு.

"சரி டீச்சர். போன வச்சுர்றேன், கை நிக்க மாட்டேங்குது" என்றாள்.

வைக்கவில்லை. வைக்கத்தான் பார்த்தாள். திரையில் அந்தச் சிவப்பு வட்டத்தைத் தேடி அவள் விரல் தட்டுவது கேட்டது, தட்டி, வழுக்கி, வேறெங்கோ பட்டு, மறுபடி தட்டுவது. "ச்சே" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டாள். ஒருமுறை போன் தரையில் விழுந்தது, எடுத்தாள், மறுபடி தட்டினாள். இந்தப் பக்கத்திலிருந்து ஒரு அழுத்தில் துண்டித்து அவளுக்கு அந்தச் சிரமத்தைத் தீர்த்துவிடலாம். ஜெசிந்தா அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். சமயபுரம் நிறுத்தத்தில் கூட்டம் ஏறியது, இறங்கியது, பஸ் மறுபடி கிளம்பியது, விரல் இன்னும் தேடிக்கொண்டிருந்தது.